யாரும் ஊதாத சங்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனுஷன் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாயலாம் என்று பார்க்கிற நேரத்தில், யூசுப் ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காராமல் பெட்டியை மேசைமேல் வைத்து ஒரு பித்தானை அழுத்தினான். பாம்... என்று ஃபெரிச் சங்கு. பினாங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் ஓடுகிற அதே ஃபெரி.

"தம்பி, புக்கிட் மெர்தாஜாம் ரயில் ஆபீசுக்குப் போக தினமும் இதுலதான் போய் வரேன். லீவு நாள்லயுமா இத கேட்கணும்?"

"கொஞ்சம் பொறுமையா கேளுங்கண்ணே. இதுல எத்தன சத்தம் இருக்கு?"

"ஒண்ணுதான். காது கிழியற சத்தம்."

யூசுப் எங்கள் தெருமுனையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் சீனி முகம்மதுவின் மகன். பாரிசுக்குப் போய் வருஷக்கணக்கில் சங்கீதம் படித்துவிட்டு, எண்பத்தெட்டில்தான் திரும்பி வந்து இங்கே பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் சீனி முகம்மது பாவம், "பாட்டு வாத்தியார்" என்பார். அப்படியானால் என் மகள் கல்யாணத்துக்கு ரெண்டு பாட்டுப் பாடச் சொல்லுங்கள் என்று அவர்கள் ஆரம்பித்தால், அவசரமாகக் கறி அள்ளப் போய்விடுவார்.

அன்றைக்கு யூசுப் எனக்கு விளக்கம் சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். பாரிசில் சிலர் புதுவிதமாக இசை எழுதுகிறார்களாம். ராகமும் கிடையாது, நம் காதுக்குப் பழகிய மெட்டும் கிடையாது. ஏதாவது ஒரு சத்தத்தை எடுத்து, அதற்குள்ளே என்னென்ன சத்தம் அடங்கியிருக்கிறது என்று இயந்திரத்தில் போட்டுப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வாத்தியத்துக்குக் கொடுப்பார்களாம். இவன் ஃபெரிச் சங்கைப் பதிவுசெய்து, பாயான் லெப்பாசில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற சிநேகிதனிடம் கொண்டுபோயிருக்கிறான். அங்கே இருந்த கருவியின் திரையில் எல்லாம் கோடுகோடாக வந்துவிட்டதாம்.

"அடியில ஒரு சுரம்ணே. அதுக்கு மேல ரெண்டு மடங்கு அதிர்வுல ஒண்ணு, மூணு மடங்குல ஒண்ணு, நாலு, அஞ்சு... அப்படியே போய்க்கிட்டே இருக்கும்லா. மேற்சுரம்னு சொல்வாங்க. சங்கு ஒண்ணுதான், உள்ள ஒரு குடும்பமே குடியிருக்கு."

"வாடகை குடுக்குறாங்களா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

சமையலறை வாசலில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்த என் மனைவி யோகலட்சுமி மெதுவாகக் கேட்டாள்.

"தம்பூரால காந்தாரம் கேட்குமே, அந்த மாதிரியா தம்பி?"

யூசுப் நின்ற இடத்திலேயே துள்ளிவிட்டான். "அதேதாங்க்கா! அதேதான்!"

எனக்கே அது தெரியும், இருபது வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் அல்லவா. தம்பூராவில் பஞ்சமமும் சட்ஜமும்தான் கம்பியாக இருக்கும். சுருதி நன்றாகச் சேர்ந்துவிட்டால், யாரும் மீட்டாத காந்தாரம் தானாகவே எழுந்து கேட்கும். சுயம்பு என்பார்கள். நான் திடுக்கிட்டது அதற்காக இல்லை. யோகம் ஒரு வருஷமாக வீட்டில் ஒரு சுரத்தின் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை.

அவள் வயலின்காரி. பினாங்கில் நம் ஆட்கள் வீட்டில் கல்யாணமோ கோயிலில் நவராத்திரியோ, யோகலட்சுமி வயலின் இல்லாமல் நடக்காது. அதற்கு முந்தின வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, போகும்போது இடது காதைக் கெடுத்துவிட்டுப் போயிற்று. செவிடாகவில்லை. செவிடானாலும் தேவலை என்று அவளே அழுதிருக்கிறாள். ஒரே சுரம் வலது காதில் ஒன்றாகவும் இடது காதில் கொஞ்சம் ஏறியும் கேட்டது. தம்பூராவைப் போட்டால் இரண்டு பேர் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். டாக்டர், பழகிவிடும் அம்மா என்றார். சங்கீதக்காரியிடம் சொல்கிற பேச்சா அது? பஞ்சு அடைத்துப் பார்த்தாள். வயலினைத் தோளோடு சேர்த்து அணைத்துத்தானே வாசிக்க வேண்டும், எலும்பு வழியாக அந்தச் சத்தம் உள்ளே போய்விடுகிறது, பஞ்சு என்ன செய்யும்? மாணவிகளை நிறுத்தினாள். வயலினை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கேட்டவர்களுக்கெல்லாம் கைவலி என்று சொன்னாள். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும்.

யூசுப் வந்த காரியத்தைச் சொன்னான். அவன் எழுதுகிற இசைக்கு ஐந்தாறு பேர் வாசிக்கிறார்கள். எல்லாரும் பியானோவோடு வளர்ந்தவர்கள். ஏழாவது மேற்சுரமும் பதினொன்றாவதும் பியானோவின் எந்தக் கட்டையிலும் உட்காராது, இரண்டு கட்டைக்கு நடுவே எங்கேயோ நிற்கும். இவர்கள் அதைப் பக்கத்துக் கட்டைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காந்தாரத்தைக் காதால் பிடித்த ஒருவர் வேண்டும். அக்கா வர வேண்டும்.

"எனக்குக் கைவலி தம்பி. முடியாது" என்றாள் யோகம்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது.

"கையும் வலிக்கல, காலும் வலிக்கல! காது! இடது காதுல சுரம் ஏறிக் கேட்குது. அதான் விஷயம். ஒரு வருஷமா இந்த வீடு ஊமையா கெடக்கு, யாருகிட்ட சொல்லி அழறது?"

யோகம் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகாமல் இருந்தது அதிசயம். அவள் கண் நிறைந்துவிட்டது. அட மடையா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். யூசுப் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போவான் என்று பார்த்தால், அவன் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டான்.

"எவ்வளவு ஏறிக் கேட்குதுக்கா?"

சட்டைப் பையிலிருந்து சுரம் பார்க்கிற ஒரு இரும்புக் கவையை எடுத்து முழங்காலில் தட்டி, அவள் வலது காதருகே பிடித்தான். பிறகு இடது காதருகே. "ரெண்டையும் பாடிக் காட்டுங்க."

அவள் அழுதுகொண்டிருக்கிறாள், இவன் அளந்துகொண்டிருக்கிறான்! இவனைத் தூக்கி வெளியே போடலாமா என்று யோசித்தேன். ஆனால் யோகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாடினாள். முதலில் ஒன்று. பிறகு அதைவிட ஒரு இழை ஏற்றமாக இன்னொன்று. ஒரு வருஷத்தில் எல்லாரும், நான் உட்பட, அவளைத் தேற்றினோமே தவிர, உனக்கு என்ன கேட்கிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மூலையில் உறைபோட்டு நின்ற தம்பூராவை அவனே எடுத்து, எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கிற மந்தரக் கம்பியை மட்டும் மீட்டினான்.

"இது?"

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். திரும்ப மீட்டச் சொன்னாள். "இது... ஒண்ணாத்தான் இருக்கு தம்பி."

"அப்ப கீழ சரியா இருக்கு. மேல போகப் போகத்தான் பிரியுது. அலாமாக், இத யாருமே பார்க்கலயா?" என்றான். பிறகு சொன்னான்: "அக்கா, நான் எழுதியிருக்கிறதுல நீங்க சுரத்தத் தேடவே வேணாம். கம்பிய அழுத்தாதீங்க. பாதியில, மூணுல ஒரு பங்குல, நாலுல ஒரு பங்குல விரல சும்மா வச்சா போதும். கம்பியே மேற்சுரத்தக் குடுத்துடும். அது உங்க காது சொல்லி வர்றதில்ல, கம்பி தானே குடுக்குறது. தப்பே வராது."

அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அவர்கள் முன்னால் மூக்கைச் சிந்த வேண்டாம் என்று.

சுருதி சேர்க்க மட்டும் அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அது காதின் வேலை, அந்தக் காதை நம்ப முடியாது என்றாள். சரி நான் சேர்க்கிறேன் என்று யூசுப் ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். கம்பியை மீட்டினால் முள் நடுவுக்கு வரும், வந்தால் சரி. அக்காவுக்கு என்ன சுருதி என்று கேட்டு, நம் முறைப்படி சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம், மேல் பஞ்சமம் என்று நாலு கம்பியையும் சேர்த்துக் கொடுத்தான். அன்று முதல் ஒவ்வொரு ஒத்திகைக்கும் அவன்தான் சேர்த்துக் கொடுத்தான்.

முதல் ஒத்திகையில் நல்ல கூத்து நடந்தது. யோகம் தரையில் பாய் விரித்து, சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி உட்கார்ந்தாள். மற்றவர்கள் நாற்காலியில். தாளில் எழுதியிருந்தபடி எந்தக் கம்பியில் எங்கே தொடச் சொல்லியிருந்ததோ அங்கே தொட்டாள். வந்ததோ வேறு சுரங்கள். கிளாரினெட் வாசிக்கும் நோர்மா நிறுத்திவிட்டு யூசுப்பைப் பார்த்தாள். யூசுப் தலையில் அடித்துக்கொண்டான். தாளில் எழுதும்போது வெள்ளைக்காரர்கள் வயலினை நினைத்து எழுதியிருக்கிறான். அவர்கள் கம்பி சேர்க்கிற விதமே வேறு. எழுதும்போது பாரிஸ்காரனாக இருந்திருக்கிறான், எங்கள் வீட்டில் வந்து சுருதி சேர்க்கும்போது பினாங்குக்காரனாகிவிட்டான்.

"என்னாலதான் கெட்டுச்சு" என்று யோகம் வில்லைக் கீழே வைத்தாள். இனிமேல் இவள் தொடமாட்டாள் என்றே நினைத்தேன்.

"இருங்க, இருங்க. திரும்ப வாசிங்கக்கா. எல்லாக் கம்பிலயும் வாசிங்க."

அவள் வாசிக்க வாசிக்க அவன் சங்கின் கோடுகள் அச்சான தாளைப் பார்த்துக்கொண்டே வந்தான். முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் முறையில் நாலு கம்பியும் நாலு திசைக்குப் போகிறதாம். நம் சட்ஜம், பஞ்சமம் முறையில் நாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எந்தக் கம்பியில் எங்கே தொட்டாலும் அதே சங்கின் மேற்சுரம்தான் வருகிறது. அவளுடைய சட்ஜத்தைக் கொஞ்சம் இறக்கினால் ஃபெரிச் சங்குக்கு அச்சாகப் பொருந்திவிடும். எழுதியதை அப்படியே கிழித்துப் போட்டுவிட்டு, இவள் வயலினை நடுவில் வைத்து முழுவதையும் மறுபடி எழுதினான். ஒரு தப்பிலிருந்து இவ்வளவு நல்லது வருமா என்று நான் சீனி முகம்மதுவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எனக்கு ஒரு துண்டு மீன் அதிகமாக வைத்தார்.

ஒத்திகைகளுக்கு நானும் போனேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த இசை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் மற்றவர்கள் படுகிற பாட்டைப் பார்க்கச் சுவாரசியமாக இருந்தது. நோர்மா ஒவ்வொரு தடவையும் அந்தப் பதினொன்றாவது சுரத்தை வாசித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள், புளித்த மாங்காயைக் கடித்தவள் போல. "தப்பா கேட்குது, தப்பா கேட்குது" என்று புலம்புவாள்.

"எல்லாருக்கும் இப்ப என் கதிதான்" என்று யோகம் என் காதில் சொல்லிச் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். இந்தச் சிரிப்புக்காகவே அந்த இசையை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தீர்மானித்தேன்.

யூசுப்புக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. சங்கின் அடிச்சுரத்தை அவன் யாருக்கும் எழுதவில்லை. மேலே உள்ளவை எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக நின்றுவிட்டால், அடியில் இருப்பது தானாகக் கேட்கும், யாரும் ஊதாமலே சங்கு கேட்கும் என்றான். ஒத்திகையில் அது அரைகுறையாக வந்தது, நிற்காமல் ஆடியது. அறை சரியில்லை, அரங்கத்தில் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

கச்சேரி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நகரத்தில் ஒரு குளிர்சாதன அரங்கத்தில். நான் நாலாவது வரிசையில் இருந்தேன். பக்கத்தில் சீனி முகம்மது, வெள்ளைச் சட்டையும் சொங்கோக் தொப்பியும் அணிந்து, அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தார். மகன் மேடையேறுவதை அவர் இதுவரை பார்த்ததில்லை.

தொடங்கிக் கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. யோகம் தலையைச் சாய்த்து, நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தாள். வெளியே புழுக்கம், உள்ளே குளிர். டக் என்று ஒரு சத்தம். யோகத்தின் வயலினில் ஒரு முறுக்காணி வழுக்கி, மூன்றாவது கம்பி, அந்த மேல் சட்ஜம், தொளதொளத்துவிட்டது.

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நின்று வழிநடத்திக்கொண்டிருந்த யூசுப் அவளைப் பார்த்தான். அவன் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. சுருதி சேர்க்கிற பெட்டி அங்கே இல்லை, உள்ளே அறையில் இருந்தது. அவன் நகரப் போனதை நான் பார்த்தேன். யோகம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

முருகா, இவளைக் கைவிடாதே என்றேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல, முன்வரிசைச் சீனர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால், எந்தக் காதை நம்ப முடியாது என்று ஒரு வருஷம் அலமாரியைப் பூட்டினாளோ அந்தக் காதை வைத்துச் சுருதி சேர்க்க வேண்டும். தப்பாகப் போனால் அவ்வளவுதான், இனி ஜன்மத்துக்கும் வயலினைத் தொடமாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆணியை முறுக்கினாள். மேல் சட்ஜத்தையும் கீழே இருந்த பஞ்சமத்தையும் சேர்த்து ஒரே வில்லில் இழுத்தாள். உறுத்தலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். ஒத்திகையில் கேட்ட அதே ஆட்டம், அடியில் என்னவோ ஆடியது. போதும், இந்த அளவு போதும் என்று என் மனம் கெஞ்சியது. அவள் விடவில்லை. அடுத்து அவள் செய்ததைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. வழுக்கிய கம்பியை விட்டுவிட்டு, வழுக்காத பஞ்சமக் கம்பியில் கை வைத்தாள். அதை ஏன் தொடுகிறாய், அது நன்றாகத்தானே இருக்கிறது என்று எழுந்து கத்தலாம் போலிருந்தது.

ஒரு இழைதான் ஏற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு, நீளமாக வில்லை இழுத்தாள்.

ஆட்டம் நின்றது. இரண்டு கம்பிக்கும் அடியில், அவளுடைய இரண்டு காதும் ஒத்துப்போகிற அத்தனை கீழே, மெல்லிசாக, ஆனால் அசையாமல் ஒரு சத்தம் வந்து நின்றது. அதை எந்தக் கம்பியும் போடவில்லை. சீனி முகம்மது என் கையைப் பிடித்தார். "அண்ணே, ஃபெரி!" என்றார்.

யோகத்தின் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்க இரண்டு கையும் காலியில்லை. வில்லை மாற்றி மாற்றி இழுத்து அந்தச் சத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். யூசுப் கையை மெதுவாக உயர்த்தினான். நோர்மா சேர்ந்தாள், பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். சங்கு பெரிதாகிக்கொண்டே வந்து அரங்கத்தை நிறைத்தது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த இசை புரிந்தது, அல்லது அழுகையில் புரிந்த மாதிரி இருந்தது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். யூசுப் அவள் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, அந்த பஞ்சமத்த ஏன் தொட்டீங்க? அது வழுக்கலையே."

யோகம் தயங்கினாள். "கொஞ்சம் இறங்கி இருந்துச்சு தம்பி."

"இன்னைக்கா?"

"ஆரம்பத்துல இருந்தே. நீங்க சேர்த்துக் குடுத்த அன்னையில இருந்து."

யூசுப் அவள் மடியில் இருந்த வயலினைப் பார்த்தான். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டான். "யா அல்லா. அது பியானோவுக்குச் செஞ்ச பெட்டிக்கா! பியானோவுல பஞ்சமத்த வேணும்னே ஒரு இழை இறக்கித்தான் வைப்பாங்க. இதுக்கு எதிராத்தான் நான் இத்தன வருஷம் படிச்சேன், இதையே செஞ்சு வச்சிருக்கேன் பாருங்க. ஏங்க்கா ஒரு வார்த்த சொல்லல?"

"என் காதுதான் தப்புன்னு நினைச்சேன்."

சொல்லிவிட்டு அவளே அதைக் கேட்டாள். தான் சொன்னது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள், சிரித்தாள், இரண்டும்தான். காது இரண்டு விதமாகக் கேட்கட்டும், இன்றும் அப்படித்தான் கேட்கிறது. ஆனால் எது சரி என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது அவளை விட்டுப் போகவே இல்லை.

நான் யூசுப்பின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொன்னேன்.

"நான் என்னண்ணே செஞ்சேன்?" என்றான் அவன், வெட்கத்தோடு. "தப்பா சுருதி சேர்த்துக் குடுத்தேன்."

"அதுக்குத்தான் தம்பி" என்றேன்.